14 நாளுக்குள் அப்பீல்: வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் தென்னாப்பிரிக்காவில் என்ன செய்யலாம்?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது: "என் தம்பி மகனுக்குத் திருட்டு வழக்கில் டர்பன் ரீஜனல் கோர்ட்டு நாலு வருஷம் கொடுத்துவிட்டது. இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. லீகல் எய்டு வக்கீல்தான் வாதாடினார். அப்பீல் போகத் தனி வக்கீல் கேட்கிற பணம் எங்களிடம் இல்லை. அப்பீலுக்கும் இலவச வக்கீல் உண்டா? லீகல் எய்டு என்றால் பெயருக்கு வந்து நிற்பார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என் தங்கைக்கு ஒரு வீட்டு வழக்கு இருக்கிறது, அதற்கும் இந்த உதவி கிடைக்குமா?"

அக்கா, உண்டு. லீகல் எய்டு சவுத் ஆப்பிரிக்கா என்ற அரசு அமைப்பின் உதவி கீழ்க்கோர்ட்டோடு நின்றுவிடுவதில்லை. அப்பீலுக்கும் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் அதை விளக்குவதற்கு முன்னால், நீங்கள் எழுதிய அந்த ஒன்பது நாள்தான் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. தண்டனை சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள், "அப்பீல் செய்ய அனுமதி கொடுங்கள்" என்று தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் மனுப் போட வேண்டும். 1977-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309பி பிரிவு சொல்வது இது. சனி, ஞாயிறைக் கழிக்காமல் எண்ணுங்கள். உங்களிடம் இருப்பது ஐந்து நாள்.

பெரும்பாலான குடும்பங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்றால், முதலில் நல்ல வக்கீலைத் தேடுவது, அப்புறம் பெரியப்பா சித்தப்பாவிடம் பணம் கேட்பது, கோயில் கமிட்டியில் யாரையாவது பார்ப்பது, எல்லாம் கூடி வந்த பிறகு கோர்ட்டுக்குப் போவது. அதற்குள் கெடு தாண்டிவிடும். வக்கீலைத் தேடுவதும் மனுப் போடுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டிய வேலைகள். முதல் வேலை முடியவில்லை என்பதற்காக இரண்டாவது வேலையைத் தள்ளி வைக்காதீர்கள்.

நாளைக் காலையில் விசாரணையில் வாதாடிய அந்த லீகல் எய்டு வக்கீலைக் கூப்பிடுங்கள். "அப்பீலுக்கு அனுமதி மனுவும், அப்பீல் முடியும்வரை ஜாமீன் மனுவும் போட வேண்டும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் போனை எடுக்கவில்லை என்றால் 0800 110 110 என்ற இலவச எண்ணில் லீகல் எய்டை அழையுங்கள். அதோடு நிற்காமல், டர்பன் அலுவலகத்துக்கே நேரில் போய் நிற்பது நல்லது. போகும்போது வழக்கு எண், கோர்ட்டு எண், தண்டனை சொன்ன தேதி, பையனின் அடையாள எண், நீங்கள் கேட்பது என்ன என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் "தாமதம் யாரால்?" என்ற கேள்வி வந்தால் அந்த முத்திரைதான் உங்களுக்காகப் பேசும்.

அதற்குள்ளும் யாரும் கிடைக்கவில்லை என்றால்? பையன் தன் கையாலேயே எழுதலாம். வெஸ்ட்வில் சிறையில் இருந்தாலும் எழுதலாம், அங்கிருக்கும் அதிகாரிகளிடம் லீகல் எய்டு விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கலாம். கைதி எழுதிய மனு அழகாக இருக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று: காரணங்களைத் தெளிவாக, குறிப்பாக எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "தீர்ப்பு தவறு, எனக்கு நியாயம் கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அது காரணம் ஆகாது. என்னைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒரு சாட்சி, இருட்டில், தூரத்திலிருந்து பார்த்தார், அதை மாஜிஸ்திரேட் கவனமாக எடைபோடவில்லை என்று எழுதினால் அது காரணம். ஒரே சாட்சியை வைத்துத் தண்டிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அந்தச் சாட்சியத்தை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்பது நீண்டநாள் வழக்கம். குற்றம் செய்ததை ஒத்துக்கொண்டு தண்டனை மட்டும் அதிகம் என்று நினைத்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்: முதல் குற்றம், வேலையில் இருக்கிறான், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதே சட்டத்தின் 276(1)(ஐ) பிரிவில் தண்டனை கொடுத்திருக்கலாமே என்று. இந்தப் பிரிவு ஐந்து வருஷம் வரையிலான தண்டனைக்குப் பொருந்தும். சிறையில் ஒரு பகுதியைக் கழித்த பிறகு, மீதியை வெளியே கண்காணிப்பில் கழிக்கச் சிறைத்துறை அனுமதிக்கலாம். நாலு வருஷத் தண்டனைக்கு இது பொருத்தமான வாதம், மாஜிஸ்திரேட் இதை யோசித்தாரா என்று பாருங்கள்.

14 நாள் தாண்டிப்போனால் எல்லாம் முடிந்ததா என்று கேட்பீர்கள். முடியவில்லை. தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக ஒரு மனுப் போடலாம். அதில் ஒவ்வொரு வாரமும் என்ன நடந்தது என்று விளக்க வேண்டும், அப்பீலில் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். பணம் இல்லை என்பது காரணமாக எடுபடலாம். ஆனால் பணம் இல்லாதபோது லீகல் எய்டைக் கேட்டீர்களா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதனால்தான் அந்த முத்திரை வாங்கிய தாளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

மனுப் போட்டதும் பையன் வெளியே வந்துவிட மாட்டான். அப்பீல் நிலுவையில் இருப்பதால் மட்டும் தண்டனை நிற்காது, ஜாமீன் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டு, ஏழெட்டு மாதம் உள்ளே இருந்த பிறகு "அப்பீல் போட்டிருக்கிறோமே, ஏன் விடவில்லை" என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

மாஜிஸ்திரேட் அனுமதி மறுத்தால் அடுத்த 21 நாளுக்குள் ஹைகோர்ட்டுக்கு பெட்டிஷன் போடலாம். குவாஸுலு-நேட்டாலில் அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தலைமை நீதிபதிக்குப் போகும். யாரும் ஆஜராக வேண்டாம், நீதிபதிகள் அறையிலேயே தாள்களைப் படித்து முடிவு செய்வார்கள். அதிலும் மறுத்தால் புளூம்ஃபோன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்கலாம். அரசமைப்புச் சட்டக் கேள்வி இருந்தால் ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைனில் இருக்கும் அரசமைப்பு நீதிமன்றம் வரை வழி இருக்கிறது. ரீஜனல் கோர்ட்டில் ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்கு இந்த அனுமதிப் படி கிடையாது, அவர்கள் நேரடியாக அப்பீல் செய்யலாம்.

இந்த வழி ஏழைகளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. முன்பெல்லாம் வக்கீல் இல்லாமல் சிறையில் இருக்கும் ஒருவர் அப்பீல் செய்ய வேண்டுமானால், "இதில் நியாயமான காரணம் இருக்கிறது" என்று ஒரு நீதிபதி சான்று தர வேண்டும். வக்கீல் வைத்தவருக்கு அந்தத் தடை இல்லை. பணம் இருப்பவனுக்கு ஒரு கதவு, இல்லாதவனுக்கு ஒரு கதவு. 1995-இல் என்டுலி வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரு அனுமதி முறையைக் கொண்டு வந்தார்கள். அதில் போதிய பாதுகாப்பு இல்லை என்று 2000-இல் ஸ்டைன் வழக்கில் அதுவும் போனது. இப்போதிருக்கும் முறை 2003-இல் திருத்தி எழுதியது. 2007-இல் ஷிங்கா வழக்கில், பெட்டிஷனை ஒரே நீதிபதி பார்த்தால் போதாது, இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று ஆனது. வக்கீல் இல்லாத கைதியின் தாளை இரண்டு ஜோடிக் கண்கள் படிக்க வேண்டும் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த உரிமையை நாள் தவறவிட்டு இழக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

இனி யாருக்கு இந்த உதவி கிடைக்கும் என்பதற்கு வருவோம். இரண்டு சோதனை உண்டு. முதலாவது வருமானம். வரி போக மாதம் கையில் வருவது எவ்வளவு, குடும்பமாக இருந்தால் எல்லோருடைய வருமானமும் சேர்த்து எவ்வளவு, சொத்து மதிப்பு எவ்வளவு, குடியிருக்கும் வீடு சொந்தமா என்று பார்ப்பார்கள். வரம்பை அவ்வப்போது அரசிதழில் மாற்றுகிறார்கள். அதனால் "எனக்கு அப்போது கிடைக்கவில்லை" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து உங்களை நீங்களே தகுதியில்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள், கேளுங்கள். வரம்பைக் கொஞ்சம் தாண்டினால் ஒரு பங்கை நீங்கள் கட்டும்படி சொல்லவும் வாய்ப்புண்டு. பே ஸ்லிப், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், சாஸா என்ற அரசு சமூகநல அமைப்பின் உதவித்தொகை வாங்கினால் அதன் தாள், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எதையும் மறைக்க வேண்டாம், பின்னால் தெரிந்தால் உதவியை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது சோதனைதான் அப்பீலில் முக்கியமானது: ஜெயிக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா? முதல் விசாரணைக்கு வக்கீல் கொடுத்த லீகல் எய்டு, "அப்பீலில் வாய்ப்பு இல்லை" என்று சொல்லி மறுக்கலாம். அது அநியாயம் போலத் தோன்றும். ஆனால் கோர்ட்டும் அனுமதி கொடுக்க இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. ஏதோ நடந்தாலும் நடக்கலாம் என்ற நம்பிக்கை போதாது, வேறொரு நீதிமன்றம் வேறு முடிவுக்கு வரக்கூடும் என்பதற்கு உறுதியான அடிப்படை வேண்டும். லீகல் எய்டு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதே அமைப்புக்குள் மேலதிகாரிகளிடம் அந்த முடிவை எதிர்த்து முறையிட வழி உண்டு. அதையும் உடனே செய்யுங்கள், அதற்காகக் கோர்ட்டின் கடிகாரம் நிற்காது.

சொந்தக்காரர்கள் சொல்வதைப் பற்றி. லீகல் எய்டு வக்கீல்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் முழுநேரமாக வேலை செய்பவர்கள், தினமும் கிரிமினல் கோர்ட்டிலேயே நிற்பவர்கள். வேலைப்பளு அதிகம், பேச நேரம் குறைவு என்பது உண்மை. ஆனால் கிரிமினல் வழக்கில் அனுபவம் என்று பார்த்தால், வீட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டு எப்போதாவது கிரிமினல் கோர்ட்டுக்கு வரும் ஒரு தனி வக்கீலைவிட அவர்கள் பல நேரம் மேல். எந்த வக்கீல் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அரசுச் செலவில் கிடையாது. ஆனால் உங்கள் குறையே விசாரணையில் வாதாடிய வக்கீல் மேல்தான் என்றால், உதாரணமாக முக்கியமான சாட்சியைக் கூப்பிடவே இல்லை என்றால், அதை அலுவலகத்தில் வெளிப்படையாகச் சொல்லி வேறொருவரைக் கேளுங்கள். அவர் தன் வேலையைத் தானே குறை சொல்லி எழுத முடியாது. வக்கீலின் திறமைக் குறைவை அப்பீல் காரணமாக வைக்கலாம், ஆனால் கோர்ட்டு அதை எளிதில் ஏற்காது. "இன்னொரு வக்கீல் இன்னும் நன்றாகக் கேட்டிருப்பார்" என்பதெல்லாம் போதாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 2007-இல் டாண்ட்வா வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபடி, வக்கீல் மேல் அப்படிப் புகார் வைத்தால், உங்களுக்கும் அவருக்கும் நடந்த பேச்சு ரகசியம் என்ற பாதுகாப்பை அந்த அளவுக்கு நீங்களே கைவிட்டதாகக் கொள்வார்கள். அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம். பையன் அவரிடம் தனியாக என்ன சொன்னான் என்று அவனிடம் நன்றாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்பீல் போனால் தண்டனை கூடவும் கூடும். ஹைகோர்ட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு. 2012-இல் போகார்ட்ஸ் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், தண்டனையைக் கூட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே அறிவித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது. தண்டனையை மட்டும் எதிர்க்கும் அப்பீல் என்றால் இந்த ஆபத்தை வக்கீலிடம் நேராகக் கேளுங்கள்: "நாலு வருஷம் என்பது இந்தக் குற்றத்துக்குக் குறைவா, கூடுதலா?"

அப்பீலில் புதிதாகச் சாட்சி கூப்பிட்டுக் கேட்பது அரிது. கீழ்க்கோர்ட்டில் பதிவானதைத்தான் இரண்டு நீதிபதிகள் படிப்பார்கள். அங்கே பேசியதெல்லாம் ஒலிப்பதிவாகி, தட்டச்சாகி, கட்டாக வர வேண்டும். மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். சில நேரம் பதிவு தொலைந்தும் போகும். அப்படி நடந்தால் மாஜிஸ்திரேட், அரசு வக்கீல், உங்கள் தரப்பு வக்கீல் எல்லோரும் சேர்ந்து தங்கள் குறிப்புகளை வைத்து அதை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். அதில் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பங்கு உண்டு என்று 2016-இல் ஷூம்பி வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முக்கியமான பகுதியைக் கட்டியெழுப்பவே முடியாவிட்டால் தீர்ப்பே நிற்காமல் போகலாம். அதனால் விசாரணைக்குப் போனவர்கள் யாராவது குறிப்பு எழுதியிருந்தால், யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று நினைவிருந்தால், இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அரசமைப்பின் 35-ஆம் பிரிவு தரும் உரிமை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள், அவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அண்மையில் வந்து கடையிலும் கோயிலிலும் வேலை செய்பவர்கள் பலர் தலையாட்டிக்கொண்டே நின்றுவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடந்த விசாரணை என்றால் அதை அப்பீல் காரணத்தில் எழுதலாம்.

பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: 1894-இல் இதே டர்பனில், முதலாளி அடித்துப் பல் உடைந்த நிலையில், பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி செய்தது என்ன? டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார், அப்படியே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார். கடைசியில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறு முதலாளிக்கு மாறியது. காயம் ஆறும்வரை காத்திருக்காமல் அன்றே தாள் வாங்கியதை நான் எப்போதும் நினைப்பேன்.

தங்கையின் வீட்டு வழக்குக்கு வருகிறேன். சிவில் வழக்கில் அரசு தன் செலவில் ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உரிமை குற்ற வழக்கைப்போல வலுவானதல்ல, பிள்ளைகள் சம்பந்தப்பட்டதில் மட்டும் கொஞ்சம் வலு கூடும். ஆனாலும் வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்குகளில் லீகல் எய்டு உதவுகிறது. 1998-ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டப்படி வரும் கோர்ட்டு நோட்டீஸிலேயே, லீகல் எய்டு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

சிவிலில் நாள் கணக்கு வேறு. மாஜிஸ்திரேட் கோர்ட்டுத் தீர்ப்பு என்றால் 10 கோர்ட்டு நாளுக்குள் தீர்ப்பின் காரணங்களை எழுத்தில் கேட்கலாம், 20 கோர்ட்டு நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இங்கே சனி, ஞாயிறு, விடுமுறை கழியும். அனுமதி கேட்கத் தேவையில்லை. எதிர்த்தரப்பின் செலவுக்குக் காப்புத்தொகை கட்ட வேண்டியிருக்கும், லீகல் எய்டு பெற்றவருக்குப் பொதுவாக அதிலிருந்து விலக்கு உண்டு. ஹைகோர்ட்டுத் தீர்ப்பு என்றால் அனுமதி வேண்டும், அதற்கு 15 கோர்ட்டு நாள். வேலை நீக்க வழக்கில் சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு தீர்க்கும் அமைப்பு கொடுத்த முடிவை அப்பீல் செய்யவே முடியாது, ஆறு வாரத்துக்குள் லேபர் கோர்ட்டில் மறுஆய்வு கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச உத்தரவை எதிர்த்து அப்பீல் போட்டாலும் பெரும்பாலும் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அதுவே தனிக் குற்றம்.

லீகல் எய்டு எடுக்காத சிவில் வழக்குகளுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. டர்பனில் குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம், 1979-இல் தொடங்கிய லீகல் ரிசோர்சஸ் சென்டர், லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ், தனி வக்கீல்களை இலவசமாக ஏற்பாடு செய்யும் புரோபோனோ அமைப்பு. இவர்கள் எல்லா வழக்கையும் எடுக்க மாட்டார்கள். பலரைப் பாதிக்கும் கேள்வி இருந்தால் எடுக்க வாய்ப்பு அதிகம். ஒன்றில் பதில் வரும்வரை காத்திருக்காமல் எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் கேளுங்கள். கோர்ட்டு வராந்தாவில் "நான் லீகல் எய்டில் ஆள் பிடித்துத் தருகிறேன்" என்று கையில் பணம் கேட்பவரிடம் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

தங்கை விஷயத்தில் ஒன்று மட்டும் பார்த்து எழுதுங்கள். அவர் கோர்ட்டுக்கே போகாமல், அவர் இல்லாமலே தீர்ப்பாகியிருந்தால் தாளில் டிஃபால்ட் ஜட்ஜ்மென்ட் என்று இருக்கும். அப்படியானால் அவருக்கு வேண்டியது அப்பீல் இல்லை. தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 20 கோர்ட்டு நாளுக்குள், அதே கோர்ட்டில் அந்தத் தீர்ப்பை நீக்கும்படி கேட்கும் ரெஸ்சிஷன் மனு. அதற்குப் போகாததற்கான காரணமும், வழக்கில் சொல்ல ஒரு நல்ல பதிலும் வேண்டும். தாளில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதி, எப்போது கையில் கிடைத்தது என்று சொல்லுங்கள், மீதியை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன்னால் நாளைக் காலை பையனுக்காக அந்த அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.